பிரீசர் பில்லில் எந்த வரி திரும்பி வரும்?

கேள்வி: கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபுறோவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தோம். இப்போது மகளோடு இருக்க பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துச் சறேக்கு வந்து, இங்கேயும் சின்னதாக ஒரு ரேக்-அவுட் போடுகிறோம். 4,000 டொலருக்கு ஒரு பிரீசர் வாங்கினோம். பில்லில் ஜீ.எஸ்.ரி (மத்திய அரசின் விற்பனை வரி), பி.எஸ்.ரி (மாகாண விற்பனை வரி), போதாக்குறைக்கு எக்கோ ஃபீ (சூழல் கட்டணம்). ஒன்ராறியோவில் சாமானுக்குக் கட்டிய வரி முழுக்கத் திரும்பி வந்தது. இங்கே பி.எஸ்.ரி வராது என்கிறார் கணக்காளர். உண்மையா? எக்கோ ஃபீக்கும் வரி போட்டிருக்கிறார்களே?

பதில்: உண்மைதான். ஒன்ராறியோவில் நீங்கள் கட்டியது 13 வீத எச்.எஸ்.ரி, மத்திய வரியும் மாகாண வரியும் ஒன்றாகச் சேர்ந்தது. பதிந்த வியாபாரம் என்றால் 4,000 டொலருக்கான 520 டொலரும் திரும்பிவிடும். பிரிட்டிஷ் கொலம்பியாவும் 2010 ஜூலையில் எச்.எஸ்.ரிக்கு மாறிய மாகாணம்தான். சனத்துக்கு அது பிடிக்கவில்லை. 2011இல் வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். 2013 ஏப்ரல் 1இல் பழைய பி.எஸ்.ரி திரும்பி வந்தது. கொண்டாடியவர்களில் கடைக்காரர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

உங்கள் பில்லில் 5 வீத ஜீ.எஸ்.ரி 200 டொலர். நீங்கள் ஜீ.எஸ்.ரிக்குப் பதிந்திருந்தால் அது திரும்பும். 7 வீத பி.எஸ்.ரி 280 டொலர், அது போனதுதான். பிரீசரின் விலையோடு சேர்த்து, வருமான வரிக் கணக்கில் வருடா வருடம் தேய்மானமாகக் கழிக்கலாம், அவ்வளவே.

அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரி இல்லை, அங்கே வாங்கி ஏற்றிவந்தால் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். கடைப் பாவனைக்குச் சாமானை மாகாணத்துக்குள் கொண்டுவந்தால், அடுத்த மாத முடிவுக்குள் அந்த 7 வீதத்தை நீங்களே கணக்குக் காட்டிக் கட்டவேண்டும்.

விற்க வாங்கும் சாமான் வேறு கதை. உங்கள் பி.எஸ்.ரி இலக்கத்தை மொத்த வியாபாரியிடம் கொடுத்தால் வரி போடமாட்டார். சோறு, கொத்து, ரோல்ஸுக்கு வாடிக்கையாளரிடம் பி.எஸ்.ரி வாங்கத் தேவையில்லை, ஜீ.எஸ்.ரி மட்டும்தான். ஆனால் கோக், பெப்சி போன்ற சோடாக்களுக்கு 2021 ஏப்ரலில் இருந்து பி.எஸ்.ரி உண்டு. விற்க வைத்த கோக்கை வெயிலுக்கு நீங்களே உடைத்துக் குடித்தாலும், சட்டப்படி அதற்கு வரி கட்டவேண்டும்!

எக்கோ ஃபீ அரசாங்கத்துக்குப் போகும் வரி அல்ல. பழைய சாமானைச் சேர்த்து மீள்சுழற்சி செய்யும் திட்டத்துக்குப் போகும் காசு. ஆனால் வரிச் சட்டம் அதைச் சாமானின் விலையில் ஒரு பகுதியாகப் பார்க்கிறது. பிரீசருக்கு வரி என்றால் அதற்கும் வரி. போத்தலுக்கு வாங்கும் 10 சத வைப்புப் பணம் அப்படியல்ல, அதற்குப் பி.எஸ்.ரி கிடையாது. கடைகளை ஒப்பிடும்போது எக்கோ ஃபீயையும் கூட்டிப் பாருங்கள். ஒரு கடை விலைக்குள் அடக்கியிருக்கும், மற்றது பில்லின் அடியில் தனியாகக் காட்டும்.

கேள்வி: பெற்றோலுக்குக் காபன் வரி இன்னும் எடுக்கிறார்களா?

பதில்: இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியா 2008இல் தொடங்கிய சொந்தக் காபன் வரியும், ஒன்ராறியோவில் மத்திய அரசு எடுத்ததும் 2025 ஏப்ரல் 1இல் நின்றுவிட்டன. லீற்றருக்கு 17.6 சதம் குறைந்தது. அதற்காக அரசாங்கம் சனத்துக்குத் திருப்பிக் கொடுத்துவந்த காசும் அந்த ஏப்ரலோடு சரி.