மருத்துவம் படிக்காதவர்கள் உயிர்காக்கும் முதலுதவி கற்பதால் பயன் உண்டா?

'மருத்துவம் படிக்காதவர்கள் சி.பி.ஆர். (இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவி) கற்றுக்கொள்வதால் பயன் உண்டா, காணொளி பார்த்தால் போதாதா' என்று கேட்டிருக்கிறீர்கள். பயன் நிச்சயம் உண்டு. ஆனால் காணொளி போதாது என்பதே என் உறுதியான கருத்து.

இதயம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளை சேதமடையத் தொடங்கிவிடும். 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து புறப்பட்டாலும், மாலை நெரிசலில் வடபழனியைக் கடந்து, லிஃப்ட் இல்லாத அடுக்ககத்தின் மூன்றாம் மாடிக்கு வந்து சேரும்வரை, விழுந்தவருக்கு உதவ அருகில் இருப்பவரை விட்டால் வேறு யாரும் இல்லை.

அலுவலகத்தில் நடந்த பயிற்சியில்தான் சி.பி.ஆர். எவ்வளவு கடினமான உடலுழைப்பு என்பதை உணர்ந்தேன். மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல், பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு முழுமையாக மேலெழும்பவும் விட வேண்டும். இரண்டு நிமிடங்களில் கை தளர்ந்து ஆழம் குறைந்துவிடுவதால், இன்னொருவர் இருந்தால் மாறிக்கொள்ளச் சொல்கிறார்கள். இதயம் நின்றவர் சில நேரம் விட்டுவிட்டு விக்குவதுபோல வாயைத் திறப்பார். அதைச் சுவாசம் என்று எண்ணிக் காத்திருந்துவிடக் கூடாது என்பதையும் அங்கேதான் அறிந்தேன். உணர்வும் இயல்பான மூச்சும் இல்லையென்றால், 108-ஐ அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, உடனே அழுத்தத் தொடங்க வேண்டும்.

செய்யக் கூடாதவற்றைக் கற்பதும் அதே அளவு முக்கியம். வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதை இன்றும் நம் பேருந்து நிலையங்களில் காண்கிறோம்; அதனால் எந்தப் பயனும் இல்லை. இடித்துக்கொள்ளும் பொருள்களை அகற்றி, வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தாலே போதும். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸ் தேவை.

சாலை விபத்தில் உதவினால் காவல் நிலையத்துக்கு அலைய நேரிடும் என்ற அச்சம் இன்னும் பலருக்கு இருக்கிறது. நல்லெண்ணத்துடன் உதவுபவரைக் காக்கும் 134ஏ பிரிவு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது.

சென்னையில் கற்க விரும்பினால், எழும்பூரிலுள்ள இந்திய செஞ்சிலுவைச் சங்கக் கிளையிலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பிலோ விசாரிக்கலாம். எங்கே சேர்ந்தாலும், ஒவ்வொருவரும் பயிற்சிப் பொம்மையின்மேல் இரண்டு நிமிடம் தொடர்ந்து அழுத்திப் பார்க்க வாய்ப்புத் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். படக்காட்சியோடு முடிந்துவிடும் வகுப்பாக இருந்தால் வேறிடம் தேடுங்கள்.