மனநோயுள்ள பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு: இந்த முறை வந்த கேள்விகள்

19 வயது மகனுக்கு மனச்சிதைவு. 10 நாளாக மாத்திரை கொடுக்கிறோம், காதில் குரல் கேட்பது நிற்கவில்லை. டாக்டரை மாற்றலாமா? (குடியாத்தம்)

10 நாளில் தூக்கம் வரும், பதற்றம் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். குரலும் சந்தேகமும் குறைய 4 முதல் 6 வாரம் பிடிக்கும். டாக்டரை மாற்றாதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து பையனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. என்ன செய்வது? (ஆரணி)

என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், பையனுக்கு என்ன வயது, என்ன ஒத்துக்கொள்ளவில்லை, ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? மருந்துச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள். கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கண் மேலே சொருகினால் மட்டும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், ஓர் ஊசியில் சரியாகிவிடும். அதற்காகவும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மகள் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறாள். வெயிலில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? (காட்பாடி)

நல்ல கேள்வி. நம் ஊர் மே மாத வெயிலில் வியர்த்துக் கொட்டித் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், திடீரென்று உப்பைக் குறைக்காதீர்கள், உடம்புவலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள். வாந்தி, பேதி, கை நடுக்கம், தள்ளாட்டம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். லித்தியம் அளவு பார்க்க ரத்தம் கொடுப்பது இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால்.

23 வயது மகளுக்கு இருமுனை நோய் (சில காலம் அளவுமீறிய உற்சாகம், சில காலம் கடும் சோர்வு). ஆறு மாதமாக நன்றாக இருக்கிறாள். கால்கட்டு போட்டால் முழுதாகத் தெளிந்துவிடும் என்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டுமா? (வாலாஜா)

கல்யாணத்தால் எந்த மனநோயும் குணமாகாது. எத்தனை முறை எழுதினாலும் இதே கடிதம் திரும்ப வருகிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் மாத்திரை டப்பா பீரோவுக்குள் போய்விடும், முகூர்த்தத்துக்கு முந்தைய இரண்டு மூன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது, அப்புறம் புகுந்த வீட்டில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று மாத்திரையை அடியோடு நிறுத்திவிடுவார்கள். தூக்கமும் கெட்டு மருந்தும் நின்றால் இருமுனை நோய் திரும்ப வேறு எதுவும் வேண்டாம், சில வாரத்தில் அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் இருப்பாள். மறைத்துக் கட்டிக்கொடுத்தீர்கள் என்று வழக்கு வரும், இந்துத் திருமணச் சட்டத்தில் அதற்கு இடமும் இருக்கிறது. எல்லாம் போய் அவள்தான் உடைந்து நிற்பாள்.

கல்யாணமே கூடாது என்று நான் சொல்லவில்லை, நன்றாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மகளிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் ஜாதகம், சவரன், மண்டபம் எல்லாம் இருக்கிறது, அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவள் சம்மதித்தால் மாப்பிள்ளையிடம் முழுதாகச் சொல்லுங்கள், ஒருமுறை டாக்டரிடமும் அழைத்துப் போங்கள். அவள் சாப்பிடுவது வால்ப்ரோயேட் என்றால் கர்ப்பத்தில் குழந்தைக்குப் பிறவி உடல் குறைபாடு வரும் வாய்ப்பு சுமார் 10-ல் 1. பேச்சை எடுக்கும்போதே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது.

வேலூர் பாகாயம் மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தால் வீட்டு ஆளும் கூடவே தங்க வேண்டும் என்கிறார்களே? (பேரணாம்பட்டு)

ஆமாம். சி.எம்.சி. மனநல மையத்தில் 1950-களின் கடைசியிலிருந்தே அதுதான் வழக்கம். நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் நீங்கள் கற்றுக்கொள்வதும் சிகிச்சையில் சேர்த்திதான். கூலி போகிறதே என்றால் வீட்டில் இரண்டு பேர் முறை வைத்துக்கொள்ள முடியுமா என்று அங்கேயே கேளுங்கள்.

ஓடிப்போகிறான் என்று இரவில் சங்கிலி போடுகிறோம். தவறா? (ஆற்காடு)

தவறு. 2017 மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. 2001-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் செத்தது சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால்தான். இன்றே கழற்றிவிட்டு அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

மூத்தவனுக்கு மனச்சிதைவு. தம்பிக்கும் வருமா? (ஆம்பூர்)

பொதுவாக 100-ல் ஒருவருக்கு வரும். கூடப்பிறந்தவர் என்றால் சுமார் 10 பேர், மீதி 90 பேருக்கு வராது. கஞ்சா பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டு, படிப்பு சரிந்து, தனியாக முணுமுணுக்கத் தொடங்கினால் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே காட்டுங்கள்.