2024-25 சீசன், 24ஆம் வாரம்: சாலாவுக்கு மூன்று மடங்கா, மோயஸுக்கு நாற்காலியா?

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பெயர்தான்: லிவர்பூலின் சாலா. காரணம் எல்லோருக்கும் தெரியும். டிசம்பர் 7 அன்று டராக் புயலால் நின்றுபோன எவர்டன் - லிவர்பூல் ஆட்டம் பிப்ரவரி 12 புதன்கிழமை எவர்டனின் மைதானமான குடிசன் பார்க்கில் நடக்கிறது. பிரீமியர் லீக் வீரர்களை வைத்து நாம் அணி கட்டி, அவர்களின் நிஜ ஆட்டத்துக்குப் புள்ளி வாங்கும் ஃபேன்டசி பிரீமியர் லீக்கில் அது 24ஆம் கேம்வீக்கோடு (ஆட்ட வாரம்) சேர்க்கப்பட்டிருக்கிறது. அதனால் இந்த இரண்டு அணிகளுக்கு மட்டும் இரண்டு ஆட்டம், மற்ற பதினெட்டு அணிகளுக்கும் ஒன்றுதான். அணியை மாற்றுவதற்கான டெட்லைன் பிப்ரவரி 1 சனிக்கிழமை, நம் நேரப்படி மாலை 4.30. வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

டிரிபிள் கேப்டனை (கேப்டனின் அந்த வாரப் புள்ளியை மூன்று மடங்காக்கும் சிப், அதாவது சிறப்புச் சலுகை) இப்போதே சாலாவுக்குப் போட்டுவிடலாமா, அடுத்த வாரம் வரை காத்திருக்கலாமா? (மதுரை)

அடுத்த வாரத்தை ஏன் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. லீக் கோப்பை இறுதிப்போட்டி மார்ச் 16. லிவர்பூல் அதற்குத் தகுதி பெற்றால், அதே வார இறுதியில் இருக்கும் ஆஸ்டன் வில்லா ஆட்டத்தை வேறு தேதிக்கு நகர்த்தியே ஆக வேண்டும். புதன்கிழமையோடு இரண்டு அணிகளும் சாம்பியன்ஸ் லீக்கில் முதல் எட்டுக்குள் முடித்துவிட்டன. பிப்ரவரியில் அவர்களுக்கு பிளே-ஆஃப் கிடையாது, வாரத்தின் நடுநாட்கள் காலி. எனவே 25ஆம் வாரமும் லிவர்பூலுக்கு இரட்டையாக வாய்ப்பு இருக்கிறது. அதில் முதல் ஆட்டம் சொந்த மைதானத்தில் உல்வ்ஸுடன். போர்ன்மவுத்துக்குப் போய் ஆடுவதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் அரையிறுதி முதல் ஆட்டத்தில் டாட்டனம் 1-0 என்று முந்தி நிற்கிறது. இரண்டாவது ஆட்டம் பிப்ரவரி 6. நம் டெட்லைன் அதற்கு ஐந்து நாள் முன்னால் போய்விடும். பறக்கிறதுக்கு ஆசைப்பட்டு இருக்கிறதை விட்ட கதையாக வேண்டாம். கையில் இருக்கும் இரட்டையில் போடுங்கள் என்பதே என் பதில்.

போர்ன்மவுத் சுலபமில்லை, அதை மறைக்கவில்லை. நியூகாசில் மைதானத்தில் 4-1, அடுத்து நாட்டிங்கம் ஃபாரஸ்ட்டை 5-0. ஆனால் அவர்கள் மேலே ஏறி வந்து நெருக்குகிற அணி. பந்து ஒருமுறை நழுவினால் பின்னால் பெரிய வெளி கிடக்கும், சாலா ஓடுவதற்கு அது போதும். இதுவரை 19 கோல், 13 அசிஸ்ட். புதன்கிழமை ஐண்டோவனுக்கு அவரைக் கூட்டிப் போகவே இல்லை, ஓய்வு கொடுத்துவிட்டார் பயிற்சியாளர் ஸ்லாட்.

பயம் ஒன்றுதான். இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவில் பதினோரு நாள். அதற்குள் டாட்டனம் அரையிறுதியும், பிளிமத்தில் எஃப்ஏ கோப்பை ஆட்டமும் இருக்கின்றன. பிளிமத்தில் சாலா ஆடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. டாட்டனத்துடன் காயம்பட்டால்தான் வில்லங்கம். அப்போதும் போர்ன்மவுத் புள்ளிகள் மூன்று மடங்காகவே நிற்கும். ஆனால் ஒரு ஆட்டத்தில் கேப்டன் கால் வைத்துவிட்டால் துணை கேப்டனுக்கு அந்தப் பெருக்கல் போகாது.

புதிதாக வந்திருக்கும் அசிஸ்டன்ட் மேனேஜர் சிப்பை எவர்டன் பயிற்சியாளர் மோயஸுக்குப் பயன்படுத்தலாமா? எங்கள் லீக்கில் எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். (கோயம்புத்தூர்)

பேசத்தான் செய்வார்கள், கணக்கு அப்படி. இந்தச் சிப்பைப் போட்டால் ஒரு பயிற்சியாளரும் உங்கள் அணிக்குப் புள்ளி சேர்ப்பார். மேனேஜரின் அணி ஜெயித்தால் 6, டிரா என்றால் 3, ஒவ்வொரு கோலுக்கும் 1, கிளீன் ஷீட்டுக்கு (கோல் வாங்காமல் முடித்தால்) 2. எதிரணி அட்டவணையில் ஐந்து இடமோ அதற்கு மேலோ முன்னால் இருந்தால் வெற்றிக்குக் கூடுதலாக 10, டிராவுக்கு 5.

எவர்டன் பதினாறாவது இடம், லிவர்பூல் முதல் இடம். லெஸ்டரை 2-0 என்று ஜெயித்தால் மோயஸ் 10 புள்ளி கொண்டு வருவார். லிவர்பூலுடனான டெர்பியில் 1-1 என்று முடிந்தால்கூட 3+5+1, இன்னொரு 9. குடிசனில் நடக்கும் கடைசி மெர்சிசைட் டெர்பி இது, கூட்டம் சும்மா விடாது. ஆக டிரா ஒன்றும் பகல் கனவு இல்லை.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? சிப்பைப் போட்டால் மூன்று வாரம் ஓடும்: 24, 25, 26. அந்த மூன்று வாரமும் வேறு எந்தச் சிப்பையும் தொட முடியாது. அதாவது சாலாவின் உறுதியான இரட்டையும் போச்சு, வரலாம் என்று நினைக்கும் 25ஆம் வார இரட்டையும் போச்சு. சீசனிலேயே நல்ல ஃபார்மில் இருக்கும் ஆளின் மூன்றாவது மடங்கை விட்டுக் கொடுத்துவிட்டு, பதினாறாவது இடத்து அணியின் பயிற்சியாளர் மேல் பந்தயம் கட்டுகிறீர்கள். மேனேஜர் சிப் எங்கும் ஓடிவிடாது. சீசன் முடியும்வரை இரட்டை வாரங்கள் இன்னும் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

டிரிபிள் கேப்டனை முன்பே செலவழித்தவர்களுக்கு இந்தத் தயக்கம் தேவையில்லை. அவர்கள் தாராளமாக மோயஸைப் போடட்டும். பட்ஜெட்டில் அவருக்கான பணம் மீதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் டிரான்ஸ்ஃபருக்கு நான்கு புள்ளி கழித்துக்கொண்டு எவர்டன் டிஃபெண்டர் மைகோலென்கோவை எடுக்கிறேன். இரண்டு ஆட்டம் இருக்கிறதே, லாபம்தானே அண்ணே? (யாழ்ப்பாணம்)

தம்பி, தாளில் எழுதிப் பாருங்கள். லெஸ்டருடன் முழு நேரம் ஆடிக் கோல் வாங்காவிட்டால் 2+4, ஆறு புள்ளி. லிவர்பூலுடன் ஆடியதற்கு 2, இரண்டு கோல் வாங்கினால் அதில் ஒன்று போகும். மொத்தம் ஏழு. அதில் நான்கைக் கழித்தால் மூன்று. நீங்கள் வெளியே அனுப்பும் டிஃபெண்டர் ஒரே ஆட்டத்தில் சும்மா ஆடினாலே இரண்டு வந்துவிடும். அவருக்கு ஒரு கிளீன் ஷீட் கிடைத்தால் உங்களுக்கு நஷ்டம்.

இலவச டிரான்ஸ்ஃபர் இருந்தால் எவர்டன் டிஃபென்ஸ் நல்ல யோசனைதான். நான் முதலில் பார்ப்பது கோல்கீப்பர் பிக்ஃபோர்டை. லிவர்பூல் கோல் பக்கம் அடித்துக்கொண்டே இருந்தால் மூன்று சேவுக்கு ஒரு புள்ளி அவருக்கு மட்டும் சேரும். லெஸ்டர் ஏழு தோல்விக்குப் பிறகு டாட்டனத்தை 2-1 என்று தோற்கடித்துவிட்டு வருகிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

முன்வரிசையில் கால்வர்ட்-லூயின் பிரைட்டன் ஆட்டத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார், அவரை மறந்துவிடுங்கள். அன்று பெனால்டியை அடித்தது இண்டியாயே. மலிவான மிட்ஃபீல்டர் தேவைப்படுகிறவர்களுக்கு அவர் போதும்.

சாலாவோடு இன்னும் இரண்டு லிவர்பூல் ஆட்களை எடுக்கலாம் என்கிறார்கள். காக்போவா, டியாஸா, அலெக்ஸாண்டர்-ஆர்னால்டா? (சென்னை)

ஒரு கிளப்பிலிருந்து மூன்று பேர்தான், அதனால் யோசித்து எடுக்க வேண்டியதுதான். காக்போ இப்ஸ்விச்சுக்கு எதிராக இரண்டு கோல் அடித்திருக்கிறார், இடது பக்கத்தில் இப்போது அவர் கை ஓங்கியிருக்கிறது. டியாஸ் சில நாள் நடுவில் ஆடுகிறார், சில நாள் பெஞ்சில் உட்காருகிறார். இந்த இருவரில் காக்போ. மூன்றாவது இடத்துக்கு வான் டைக். அலெக்ஸாண்டர்-ஆர்னால்டின் பாஸ்கள் அழகு, விலையும் அழகு. கடைசி அரை மணியில் அவருக்குப் பதில் பிராட்லி உள்ளே வந்துவிடும் பழக்கமும் இருக்கிறது. வான் டைக் 90 நிமிடமும் நிற்பார், கார்னருக்கு மேலே ஏறுவார்.

ஹாலண்டை வைத்துக்கொள்வதா, விற்பதா? (சிங்கப்பூர்)

மான்செஸ்டர் சிட்டிக்கு ஞாயிறு ஆர்சனல் மைதானம். அதன் பிறகு நியூகாசில், அதற்கடுத்து லிவர்பூல். பட்டியல் கசப்பாகத்தான் இருக்கிறது. செல்சிக்கு எதிராக அடித்தார், மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு பணத்தை முடக்கி வைத்துக்கொண்டு கேப்டனும் ஆக்காமல் மூன்று வாரம் ஓட்டுவதில் அர்த்தமில்லை. உங்களிடம் நியூகாசிலின் ஈசாக் இல்லையென்றால் இந்த வாரமே ஹாலண்டைக் கொடுத்து ஈசாக்கை எடுங்கள். சொந்த மைதானத்தில் ஃபுல்ஹாம், பெனால்டியும் அவர்தான் அடிப்பார். மிச்சப் பணத்தில் மிட்ஃபீல்டைத் தேற்றலாம். ஈசாக் ஏற்கெனவே இருந்தால் அவசரம் வேண்டாம்.

கிறிஸ் வுட்டை 6.0க்கு வாங்கினேன், விலை ஏறியும் விற்றால் முழுப் பணம் வரவில்லையே? (திருநெல்வேலி)

ஏறியதில் பாதிதான் உங்களுக்கு, அதுவும் கீழ்நோக்கி முழுமையாக்கி. 6.0க்கு வாங்கியவர் 6.3 ஆனால் கைக்கு வருவது 6.1. விற்றுவிட்டுத் திரும்ப வாங்கினால் முழு விலை கொடுக்க வேண்டும்.

அது கிடக்கட்டும், வுட்டை ஏன் விற்கிறீர்கள்? ஃபாரஸ்ட்டின் ஒரு 5-0 தோல்விக்காகவா? சொந்த மைதானத்தில் பிரைட்டனுடன் ஆட்டம். அந்தப் பிரைட்டன் போன வாரம் எவர்டனிடமே தோற்றது. பெனால்டியும் வுட் கையில். வைத்திருங்கள்.

பெஞ்ச் பூஸ்ட்? (சேலம்)

பெஞ்சில் இருப்பவர்களின் புள்ளியையும் சேர்க்கும் அந்தச் சிப் இப்போது வேண்டாம். இரண்டே அணிகளுக்கு இரட்டை. உங்கள் பெஞ்சில் நான்கு பேரும் இந்த இரண்டு அணிகளாக இருக்கப் போவதில்லை. ஏப்ரல் மாதம் வரை பெட்டியில் கிடக்கட்டும்.

சாக்காவுக்காகக் காத்திருக்கிறேன். (கொழும்பு)

தொடைத் தசையில் அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்று ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்டேட்டாவே சொல்லிவிட்டார். டிசம்பரிலேயே விற்றிருக்க வேண்டிய ஆள். இன்றே கொடுத்துவிடுங்கள்.

அலுவலக லீக்கில் அறுபது புள்ளி பின்தங்கியிருக்கிறேன். எல்லோரும் சாலாவுக்கு டிரிபிள் போட்டால் நான் எப்படி முந்துவது? (பெங்களூரு)

சாலாவுக்குப் போடாமல் முந்தலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவர் இரண்டு கோல் அடித்தால் அறுபது எண்பதாகிவிடும். கேப்டனில் கூட்டத்தோடு போங்கள், மற்ற இடங்களில் பிரியுங்கள்.

எனக்குப் பிடித்த இரண்டு பேர். ஒன்று பேலஸின் மதேட்டா. ஞாயிறு ஓல்ட் டிராஃபோர்டில் ஆட்டம். மான்செஸ்டர் யுனைடெட் அங்கே கடைசி லீக் ஆட்டத்தில் பிரைட்டனிடம் 3-1 என்று தோற்றது. மதேட்டா வெஸ்ட் ஹாம் மைதானத்தில் இரண்டு அடித்துவிட்டு வந்திருக்கிறார். இன்னொருவர் போர்ன்மவுத்தின் க்ளைவர்ட். நவம்பரில் உல்வ்ஸுடன் ஒரே ஆட்டத்தில் மூன்று பெனால்டி அடித்தவர், பிரீமியர் லீக்கில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. நியூகாசிலில் இன்னொரு ஹாட்ரிக். இந்த வாரம் எதிரே லிவர்பூல் என்பதால் பெஞ்சில் வைத்தாலும் சரி, அடுத்தடுத்த வாரங்களுக்கு உதவுவார். உங்கள் லீக்கில் எத்தனை பேரிடம் அவர் இருக்கிறார் என்று டெட்லைனுக்கு முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் இருந்தால் மதேட்டாவை மட்டும் எடுங்கள்.