தராசோடு பேசும் பில்லிங் புரோகிராம்: எல்லா லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்கும் ஒரே பேக்கேஜ் போதுமா?

பாளையங்கோட்டையில் படிக்கும் நண்பர் கேட்டிருப்பது இதுதான். எலக்ட்ரானிக் தராசிலிருந்து எடையை நேராக வாங்கி பில் போடும் புரோகிராம் ஒன்றை பைதான் மொழியும், திரையில் ஜன்னல், பட்டன் காட்டும் க்யூட்டி லைப்ரரியும் வைத்து எழுதியிருக்கிறார். பைதானையும் சேர்த்து மூட்டை கட்டும் பைஇன்ஸ்டாலர் கருவியில் கட்டிய ஒற்றை ஃபைல். அவருடைய உபுண்டு 24.04-ல் நன்றாக ஓடுகிறது. மாமா கடையில் இருக்கும் உபுண்டு 20.04-ல் ‘ஜிலிப்சி 2.38 கிடைக்கவில்லை’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. ஜிலிப்சி என்பது லினக்ஸில் பெரும்பாலான புரோகிராம்கள் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரி. பக்கத்துக் கடையில் லினக்ஸ் மின்ட், இன்னொருவரிடம் ஃபெடோரா, ஒரு பையனிடம் ஆர்ச். எல்லாம் லினக்ஸின் வெவ்வேறு வகைகள், அதாவது டிஸ்ட்ரோக்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக பேக்கேஜ் செய்யணுமா, எந்த டிஸ்ட்ரோவிலும் ஏறும் ஃப்ளாட்பேக் என்ற வகைப் பேக்கேஜ் ஒன்று போட்டால் போதுமா என்கிறார்.

தம்பி, உங்கள் விஷயத்தில் ஃப்ளாட்பேக் மட்டும் போதாது. டிஸ்ட்ரோவுக்கு ஒன்றாகச் செய்துகொண்டிருக்கவும் வேண்டாம். பழைய சிஸ்டத்தில் கட்டிய ஒரே பைனரி, அதாவது நேராக ஓடும் ஃபைல், அதை உள்ளே வைத்து உபுண்டு, மின்ட் பக்கத்துக்கு ஒரு டெப் பேக்கேஜ், ஃபெடோராவுக்கு ஒரு ஆர்பிஎம் பேக்கேஜ். இவ்வளவுதான். ஏன் இப்படி என்பதற்குக் காரணம் உங்கள் தராசு.

நானும் இந்த வேலைதான் பார்க்கிறேன். களக்காடு, திருக்குறுங்குடி பக்கம் வாழைத்தார் கமிஷன் கடைகளுக்கு எடை, பில், விவசாயி பற்று வரவு எழுதும் புரோகிராம் போட்டுக் கொடுக்கிறேன். ஏத்தன் தார் சீசனில் காலையிலேயே லோடு வந்து நிற்கும். தார் தராசில் ஏறி இறங்கும் நேரத்துக்குள் எடை கம்ப்யூட்டருக்கு வந்தாக வேண்டும். அப்போது போன் வரும்: “தம்பி, தராசுல எடை நிக்கு, பெட்டியில முட்டையால்லா காட்டுது!” பெரும்பாலும் புரோகிராமில் ஒரு குறையும் இருக்காது. தராசு செருகியிருக்கும் போர்ட்டைத் திறக்க அதற்கு அனுமதி இருக்காது, அவ்வளவுதான்.

தராசின் சீரியல் ஒயரை யூஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகச் செருகினால் லினக்ஸில் அது டிடிஒய்-யூஎஸ்பி-0 என்ற பெயரில் ஒரு டிவைஸ் ஃபைலாக வந்து நிற்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிஎச்340 சிப் கன்வெர்ட்டருக்கு டிரைவர் லினக்ஸின் கருவான கெர்னலிலேயே இருக்கிறது, எதையும் தேடிப் போட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஃபைலைத் திறக்க எல்லா யூசருக்கும் உரிமை கிடையாது. டெபியன், உபுண்டு, மின்ட், ஃபெடோரா இவற்றில் ‘டயல்அவுட்’ என்ற குரூப்பில் இருப்பவர்தான் திறக்கலாம். ஆர்ச்சில் அதே வேலைக்கு ‘யூயூசிபி’ என்ற குரூப். இணையத்தில் பார்க்கும் பாதிக் குறிப்புகள் “யூசரை டயல்அவுட்டில் சேர், லாக்அவுட் செய்து திரும்ப வா” என்று சொல்லும். கடையில் போய் நின்று ஒவ்வொரு மெஷினிலும் இதைச் செய்துகொண்டிருந்தால் உங்களுக்கு பஸ் சார்ஜ்தான் செலவாகும்.

இதைவிடச் சுத்தமான வழி, டிவைஸ் செருகும்போது என்ன செய்ய வேண்டும் என்று சிஸ்டத்துக்குச் சொல்லும் யூடெவ் ரூல் ஃபைல் ஒன்றைப் பேக்கேஜுக்குள்ளேயே வைப்பது. “இந்த வெண்டர் எண், இந்தப் புராடக்ட் எண் உள்ள சீரியல் டிவைஸ் வந்தால் அதற்கு ‘யூஅக்சஸ்’ டேக் போடு” என்று ஒரே வரி. இந்த டேக் இருந்தால், அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து லாகின் செய்திருப்பவருக்கு பின்னணி வேலைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தானாகவே அனுமதி கொடுத்துவிடும். எந்தக் குரூப் என்ற கேள்வியே எழாது, டிஸ்ட்ரோ மாறினாலும் அதே வரி ஓடும். ஃபைலின் பெயர் 73-க்குக் கீழே உள்ள எண்ணில் தொடங்க வேண்டும். நான் 70 வைப்பேன். 99 என்று வைத்தால் ரூல் படிக்கப்படும், அனுமதி மட்டும் வராது, ஏனென்று தெரியாமல் மண்டை காயும். இன்னொன்று: உங்கள் புரோகிராம் யாரும் லாகின் செய்யாமலே பின்னணியில் சர்வீஸாக ஓடுவது என்றால் யூஅக்சஸ் உதவாது. அங்கே குரூப்தான் வழி.

தராசு பற்றி இன்னும் ஒரே ஒரு விஷயம். உபுண்டு 22.04-ல் சிஎச்340 கன்வெர்ட்டரைச் செருகினால் டிவைஸ் ஒரு நொடி வந்துவிட்டு மாயமாகப் போகும். கண் தெரியாதவர்கள் பயன்படுத்தும் பிரெய்ல் கருவி ஒன்றுக்கும் அதே யூஎஸ்பி எண், 1ஏ86 : 7523. அதனால் ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற பிரெய்ல் சேவை இதைத் தன் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. அந்த பேக்கேஜையே நீக்கிவிடு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கடையில் யாருக்கும் பிரெய்ல் தேவையில்லை என்றால் நீக்கலாம். எனக்கு அதைவிட, அந்தச் சேவையின் ரூல் ஃபைலை யூஎஸ்ஆர் ஃபோல்டர் பக்கமிருந்து இடிசி ஃபோல்டர் பக்கம் அதே பெயரில் காப்பி செய்து, இந்த எண் உள்ள வரியை மட்டும் அடைத்துவிடுவது பிடிக்கும். இடிசியில் அதே பெயரில் ஃபைல் இருந்தால் சிஸ்டம் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். எதைச் செய்தாலும் கையால் செய்யுங்கள். உங்கள் பேக்கேஜ் தானாகவே இன்னொருவர் பேக்கேஜில் கை வைக்கக் கூடாது.

இப்போது ஃப்ளாட்பேக் ஏன் போதாது என்பது புரிந்திருக்கும். அது தனி அறைக்குள் ஓடுகிற விஷயம். சிஸ்டத்தின் யூடெவ் ரூல் இடத்தில் ஒரு ஃபைலை வைக்க அதற்கு வழியே கிடையாது. ‘எல்லா டிவைஸையும் காட்டு’ என்று அனுமதி கொடுக்கலாம், ஆனால் வெளியே அந்த யூசருக்கு இல்லாத உரிமை உள்ளே மட்டும் எப்படி வரும்? உபுண்டுவின் சொந்தப் பேக்கேஜ் முறையான ஸ்னாப்புக்கும் ஏறக்குறைய இதே கதை, அதோடு மின்ட் 2020-ல் வந்த 20-ஆம் பதிப்பிலிருந்தே ஸ்னாப்பைத் தானாக ஏறவிடாமல் தடுத்து வைத்திருக்கிறது. உங்கள் பக்கத்துக் கடை மின்ட் என்பதால் அதை மறந்துவிடலாம்.

தராசும் இல்லை, பிரிண்டரோடு நேரடிப் பேச்சும் இல்லை, வெறும் கணக்கு மட்டும் பார்க்கும் புரோகிராம் என்றால் ஃப்ளாட்பேக்கைத்தான் சொல்லியிருப்பேன். மின்ட்டிலும் ஃபெடோராவிலும் அது ஏற்கெனவே இருக்கிறது, உபுண்டுவில் மட்டும் நாம் போட வேண்டும். ஒரு எச்சரிக்கை: க்யூட்டி புரோகிராம் என்றால் முதல் தடவை அது ஓடத் தேவையான கேடிஇ ரன்டைம் என்ற பொது லைப்ரரித் தொகுப்பு பல நூறு எம்பி இறங்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் காலம் தள்ளும் கடையில் அன்றைய டேட்டா அதோடு போயிற்று. அதே ரன்டைமைப் பயன்படுத்தும் அடுத்த புரோகிராமுக்கு இந்தச் செலவு வராது.

ஆப்இமேஜ் கேட்க நன்றாக இருக்கும்: ஒரே ஃபைல், எக்சிக்யூட் அனுமதி கொடு, ஓடும். பழைய முறையில் கட்டிய ஆப்இமேஜுக்கு லிப்ஃப்யூஸ்2 என்ற லைப்ரரி வேண்டும், உபுண்டு 22.04 முதல் அது தானாக இருப்பதில்லை. 24.04-ல் அதன் பெயரே லிப்ஃப்யூஸ்2-டி64 என்று மாறிவிட்டது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 22.04-ல் அவசரத்தில் ‘லிப்ஃப்யூஸ்2’ என்பதற்குப் பதிலாக ‘ஃப்யூஸ்’ என்ற பேக்கேஜைப் போட்டால், அது ஃப்யூஸ்3-ஐ வெளியே தள்ளி, அதோடு டெஸ்க்டாப்பின் பாகங்களையும் இழுத்துக்கொண்டு போகும். போனில் ஒருவருக்கு வழி சொல்லும்போது இந்தப் பெயரை எழுத்துக்கூட்டித்தான் சொல்ல வேண்டும். புதிய ரன்டைமில் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் யூடெவ் ரூல் வைக்க ஆப்இமேஜாலும் ஆகாது.

இனி உங்கள் ஜிலிப்சி பிழை. டெப்பா ஆர்பிஎம்மா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பைஇன்ஸ்டாலர் பைதானையும் லைப்ரரிகளையும் மூட்டை கட்டும், ஜிலிப்சியை மட்டும் கட்டாது. அதை ஓடுகிற மெஷினிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓட உத்தரவாதம் இல்லை. உபுண்டு 20.04-ல் இருப்பது 2.31, 22.04-ல் 2.35, 24.04-ல் 2.39. நீங்கள் 24.04-ல் இருந்த பைதானை மூட்டை கட்டினீர்கள், அது 2.38-ஐக் கேட்டது, மாமாவின் மெஷினிடம் 2.31-தான் இருந்தது. சி-யில் ‘வணக்கம்’ என்று மட்டும் அச்சிடும் புரோகிராமை 22.04-ல் கட்டினால்கூட அது 20.04-ல் ஓடாது. 2021-ல் வந்த 2.34-ல் த்ரெட் லைப்ரரியை ஜிலிப்சிக்குள்ளேயே இணைத்தபோது, புரோகிராம் தொடங்கும் இடத்துக்கே புதுப் பதிப்பு எண் போட்டுவிட்டார்கள்.

மாமாவிடம் “உபுண்டுவைப் புதுசாக்கிருவோமா?” என்று கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். என்னிடம் ஒருவர் சொன்னது: “ஓடுத வண்டிய எதுக்குத் தம்பி பிரிக்கிய?” 20.04-க்கு வழக்கமான ஆதரவு 2025-லேயே முடிந்துவிட்டது, நெட்டில் இருக்கிற மெஷின் என்றால் மாற்றியே ஆக வேண்டும் என்பதை அவருக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள். அதுவரை, உங்கள் லேப்டாப்பில் பாட்மேனோ டாக்கரோ போட்டு, உபுண்டு 20.04 கன்டெய்னர் ஒன்றை, அதாவது உங்கள் சிஸ்டத்துக்குள்ளேயே தனியாக ஓடும் குட்டி உபுண்டுவை எடுத்து, பைஇன்ஸ்டாலரை அதற்குள் ஓட்டுங்கள். உங்கள் சிஸ்டத்தை இறக்கத் தேவையில்லை. உள்ளே பைதான் 3.8 இருக்கும், அதற்குத் தகுந்த க்யூட்டி பதிப்பைப் பிடித்து வையுங்கள். அங்கே கட்டிய பைனரி 20.04, மின்ட், ஃபெடோரா எல்லாவற்றிலும் ஏறும். கட்டி முடித்ததும் பைனரிக்குள் இருப்பதைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கொண்டு, உள்ளே உள்ள லைப்ரரிகள் கேட்கும் ஜிலிப்சி எண்களில் பெரியது எது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 2.31-ஐத் தாண்டக் கூடாது.

பைனரி தயாரான பிறகு டெப், ஆர்பிஎம் கட்டுவது சின்ன வேலை. என்எஃப்பிஎம் என்று ஒரு கருவி இருக்கிறது. பைனரி, யூடெவ் ரூல், மெனு ஐகான், டெஸ்க்டாப் ஃபைல் எவை எங்கே போக வேண்டும் என்று ‘யாமல்’ என்ற வடிவில் ஒரே செட்டிங்ஸ் ஃபைலில் எழுதினால் டெப், ஆர்பிஎம், ஆர்ச் பேக்கேஜ் மூன்றையும் கட்டிவிடும். டிபெண்டென்சி, அதாவது கூடவே ஏற வேண்டிய மற்ற பேக்கேஜ்களின் பெயர்களை மட்டும் டெப்புக்குத் தனி, ஆர்பிஎம்முக்குத் தனி என்று பிரித்து எழுத வேண்டும். பில்லில் தமிழ் வர லோஹித் ஃபான்ட்டை நம்பியிருக்கிறீர்கள் என்றால், டெபியன் பக்கம் அதன் பெயர் ‘ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல்’, ஃபெடோராவில் ‘லோஹித்-தமிழ்-ஃபான்ட்ஸ்’. ஃபான்ட் ஒன்றுதான், பெயர் மாறினால் இன்ஸ்டால் நின்றுவிடும். சோர்ஸைப் பொதுவில் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஓப்பன்சூசேயின் ஓப்பன் பில்டு சர்வீஸையும் பாருங்கள், அவர்கள் சர்வரிலேயே பல டிஸ்ட்ரோவுக்கும் கட்டித் தருகிறார்கள். ஒரு கடைத் தெருவுக்கு அது அதிகம் என்பது என் எண்ணம்.

கடையில் டெப்பை ஏற்றும்போது டிபிகேஜி கட்டளையால் நேரடியாகப் போடாதீர்கள், அது டிபெண்டென்சியை இறக்காமல் பாதியில் நிற்கும். ஆப்ட் இன்ஸ்டால் கட்டளைக்கே ஃபைலின் பாதையைக் கொடுங்கள், முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்து.

அப்டேட்டுக்கு, டெப்களை வைத்து ரெப்ரெப்ரோ என்ற கருவியில் சின்ன ரெப்போ, அதாவது ஆப்ட் அப்டேட் எடுக்கும் பேக்கேஜ் கிடங்கு ஒன்று கட்டலாம். அது வெறும் ஃபைல்கள்தான், எந்த வெப் ஹோஸ்டிலும் போடலாம், நெட் இல்லாத கடைக்குப் பென் டிரைவிலும் கொண்டுபோகலாம். ரெப்போவின் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி ஃபைலை இடிசி-ஆப்ட் கீழே கீரிங்ஸில் வைத்து, சோர்ஸ் வரியில் ‘சைன்டு-பை’ என்று அதைக் காட்டுங்கள். பழைய ஆப்ட்-கீ வழியைக் கைவிட்டு ரொம்ப நாளாகிறது.

ஆர்ச் பையனைப் பற்றிக் கவலையே வேண்டாம். பைனரியையும் ரூல் ஃபைலையும் ஒரு டாரில் கட்டிக் கொடுத்தால் ஆர்ச்சில் பேக்கேஜ் கட்டும் குறிப்பான பிகேஜிபில்டை அவனே எழுதிக்கொள்வான், உங்கள் யாமலில் இருக்கும் பிழையையும் சேர்த்துச் சொல்வான்.

முதலில் ஒயரைச் செருகி எல்எஸ்யூஎஸ்பி கட்டளை போட்டுப் பார்த்து, வரும் எண்ணைக் கீழே எழுதுங்கள். 1ஏ86 என்றால் சிஎச்340, 0403 என்றால் எஃப்டிடிஐ, 067பி என்றால் புரோலிஃபிக். ஒவ்வொரு கடையிலும் எது இருக்கிறதோ அவ்வளவையும் எழுதினால், ரூல் ஃபைலை ஒரேயடியாக எழுதித் தருகிறேன்.