டுனாமிஸ் என்றால் டைனமைட்டா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரியில் வேலை செய்கிறேன். வாரம் ஒருநாள் வீட்டில் வேதபாடம் நடத்துகிறேன். ரோமர் 1:16-ல் வரும் ‘தேவபெலன்’ மூலத்தில் ‘டுனாமிஸ்’, அதாவது டைனமைட் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். அதையே சொல்லிக்கொடுக்கலாமா? கிரேக்கம் தெரியாதவன் சொல்லின் பொருளை எப்படிப் பார்ப்பது?

பதில்: வேண்டாம், சகோதரரே. ஆல்ஃபிரட் நோபல் தன் வெடிமருந்துக்கு டைனமைட் என்று பெயர் வைத்தது 1867-ல். பெயரைக் கிரேக்கத்திலிருந்துதான் எடுத்தார். ஆனால் பவுல் எழுதியது முதல் நூற்றாண்டில். அவர் மனதில் வெடி இருந்திருக்க வழியே இல்லை. பாறை பிளப்பதைத் தினமும் பார்க்கிற உங்கள் ஆட்களிடம் இந்த உவமை சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அதுதான் எனக்குப் பயம். சுவிசேஷத்தின் பெலன் என்றால் தகர்ப்பது என்று பதிந்துவிடும். பவுலோ அதே வசனத்தில் ‘இரட்சிப்பு உண்டாவதற்கு’ என்கிறார்.

சொல்லின் பிறப்பை வைத்துப் பொருள் சொல்வதிலும் இதே ஆபத்து. எள்ளின் நெய்தான் எண்ணெய். அதற்காக மண்ணெண்ணெயில் யாரும் எள்ளைத் தேடுவதில்லை. சபையைக் குறிக்கும் ‘எக்லேசியா’வைப் பிரித்து ‘வெளியே அழைக்கப்பட்டவர்கள்’ என்பார்கள். எபேசுவில் எதற்குக் கூடினோம் என்றே தெரியாமல் கூச்சலிட்ட கூட்டத்துக்கும் (அப்போஸ்தலர் 19:32) அதே சொல்தான்.

கிரேக்கம் தெரியாவிட்டாலும் வழி இருக்கிறது. பைபிளின் ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்திருப்பார்கள்; அதுதான் ஸ்ட்ராங் எண். அந்த எண்கள் உள்ள பைபிள் ஆப் ஒன்றைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். டுனாமிஸின் எண் 1411. புதிய ஏற்பாட்டில் சுமார் 120 இடங்களில் வருகிறது. ஒவ்வொன்றையும் நம் பழைய திருப்புதலில் (பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில்) எடுத்து, முன்பின் வசனங்களோடு வாசித்து, தமிழில் எந்தச் சொல் நிற்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். அகராதியை அதன்பிறகு திறந்தால் போதும். அதில் உள்ள எல்லாப் பொருளையும் ஒரே வசனத்தில் ஏற்றிவிடாதீர்கள்.

மத்தேயு 25:15-ல் ‘திறமை’. உவமையில் எஜமான் ஊழியக்காரருக்குத் தாலந்துகளை, அதாவது பணத்தை, பங்கிட்டது அதன்படிதான். மத்தேயு 11:20-ல் ‘பலத்த செய்கைகள்’. 2 கொரிந்தியர் 8:3-ல் ‘திராணி’: கொடிய தரித்திரத்தில் இருந்த மக்கெதோனியா சபைகள் தங்கள் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தார்கள். அங்கே டைனமைட் என்று போட்டு வாசித்துப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

1 கொரிந்தியர் 14:11-ஐக் கடைசியாக எடுங்கள். ‘பாஷையின் கருத்தை நான் அறியாமலிருந்தால், பேசுகிறவனுக்கு அந்நியனாயிருப்பேன்’ என்று இருக்கும். அங்கே ‘கருத்து’ என்று நிற்பதும் டுனாமிஸ்தான். அடுத்த வேதபாடத்தை இந்த வசனத்தில் தொடங்குங்கள்.