துடைத்து எடுத்த படம்

கே: வாட்ஸப்பில் வந்த படத்தைப் பார்த்து, நிலைவாசலுக்கு ‘பர்மா தேக்கு’ என்று 40 ஆயிரம் ரூபாய் அனுப்பினேன். வந்து இறங்கிய சட்டத்தில் ஒரு பக்கம் முழுக்க வெளிறு (வைரம் பாயாத வெளிர் மரம்). கேட்டால், ‘படம் மாதிரிக்குத்தான்’ என்கிறார். (காட்பாடி)

ப: அதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மேல் தப்பில்லை அம்மா. படம், பேச்சு, பணம் போன ரசீது எதையும் அழிக்காதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். மசியவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் வேலூர் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடம் தாண்ட விடாதீர்கள். அப்புறம், மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டு மரம் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கானா, ஈக்வடார் தோட்டத்துத் தேக்கைக் கொடுத்தாலும் அதுவும் தேக்குதான், ஆனால் அதற்குப் பர்மா விலை எதற்கு?

கே: பில் வேண்டாம் என்றால் விலை குறையும் என்றார்கள். கதவு இப்போது வளைந்துவிட்டது. (ஆரணி)

ப: பில்லும் இல்லை, கதவும் இல்லை. என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

கே: வெளிநாட்டில் மரத்தை ஸ்கேன் செய்து ஆன்லைனிலேயே விற்கிறார்களாமே? (குடியாத்தம்)

ப: நிஜம்தான். சி.டி. ஸ்கேன் என்றால் என்ன என்று வேலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆள் படுக்கிற இடத்தில் மரம் போகிறது, அவ்வளவுதான். கணு எங்கே, பொந்து எங்கே என்று ரம்பம் படும் முன்பே தெரிந்துவிடும். எப்படித் திருப்பி அறுத்தால் நல்ல பலகை தேறும் என்று கணினி சொல்லும். அறுத்த பலகைகளையும் படம் எடுத்து, எண் போட்டு, கடல் தாண்டி இருப்பவருக்குக் காட்டும் வியாபாரிகள் உண்டு. எந்தப் பலகையின் படமோ அந்தப் பலகைதான் போய்ச் சேர வேண்டும்.

இங்கே? ஈரத்துணியால் ஒரு துடை, ஒரு கிளிக். ஈரம் பட்டால் எந்த மரத்துக்கும் வரி எடுப்பாகத்தான் தெரியும். நானும் அப்படி ஒரு படத்தைப் பார்த்து ‘தேக்குக் கட்டில்’ வாங்கியவன். ஒரு மாதம் கழித்து நகம் பட்ட இடத்தில் வெள்ளை தெரிந்தது. சாயம் பூசிய ரப்பர் மரம்! வீட்டில் இன்றும் அதற்கு ‘அப்பா தேக்கு’ என்றுதான் பெயர். அதனால் காய்ந்த பலகையை இரண்டு முகமும், இரண்டு முனையும், டேப் வைத்துப் படம் கேளுங்கள். உங்கள் பெயரையும் தேதியையும் அதன் மேல் சாக்பீஸால் எழுதச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கே: ஷூ ஏற்றுமதிக்கு வாங்கிய மரப் பேலட்டை (சரக்கு அடுக்கும் தட்டு) வெளிநாட்டுத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். (ராணிப்பேட்டை)

ப: முத்திரை இருந்ததா? மரத்தில் பூச்சி போகாமல் இருக்க, நடுப்பகுதிவரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்ததற்கு, தானியக் கதிர் படம் போட்ட ஐ.எஸ்.பி.எம். 15 (மரப் பேக்கிங்குக்கான சர்வதேச விதி) முத்திரை குத்தியிருப்பார்கள். ஏற்றும் முன் பார்க்க வேண்டியது உங்கள் வேலை.

கே: ஃபேஸ்புக்கில் செம்மரக் கட்டை மலிவாக வருகிறது. வாங்கலாமா? (திருப்பத்தூர்)

ப: ஜவ்வாது மலைக்காரர்கள் எத்தனை பேர் இதற்காக ஆந்திர ஜெயிலில் கிடந்தார்கள் என்று உங்கள் ஊரிலேயே விசாரியுங்கள் தம்பி.