ஸ்டாம்ப் மை கரைந்து ஓடுகிறதே, எதை வாங்குவது?

கேள்வி: என் பெற்றோரின் 40ஆவது திருமண நாளுக்காக ஒரு ஸ்கிராப்புக் செய்கிறேன். 12 நிற இங்க் பேட், ஸ்டென்சில், ஸ்டாம்ப் எல்லாம் சேர்ந்த செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். முதல் பக்கத்தில் கொடி போன்ற ஸ்டாம்பைக் கறுப்பில் பதித்து, அதன்மேல் வாட்டர்கலர் பூசினேன். கோடெல்லாம் கரைந்து பக்கமே அழுக்காகிவிட்டது. தாளும் அலை அலையாக வளைந்துவிட்டது. மை மட்டமா, நான் செய்தது தப்பா? இனி எதற்குச் செலவு செய்யலாம்? – வாசகி, மதுரை

பதில்: நீங்கள் செய்ததில் தப்பில்லை. மையும் மட்டமாக இருக்கவேண்டும் என்பதில்லை. அந்த வேலைக்கான மை அது இல்லை, அவ்வளவுதான்.

இங்க் பேடில் முக்கியமாக மூன்று வகை உண்டு. டை மை, அதாவது சாய மை, சீக்கிரம் காயும், தாளுக்குள் இறங்கும், ஆனால் பெரும்பாலும் தண்ணீர் பட்டால் கரையும். பிக்மென்ட் மை, அதாவது நிறத்தூள் கலந்த மை, தாளின் மேலேயே தங்கும், நிறம் எளிதில் வெளுக்காது, காயத்தான் நேரமெடுக்கும். வழவழப்பான தாளில் சூடு காட்டாவிட்டால் காயாமலே இருந்துவிடும். மூன்றாவது, காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாத நிரந்தர மை. பல நிறங்கள் சேர்த்து வரும் செட்களில் பெரும்பாலும் இருப்பது முதல் வகை.

கடையில் ஏமாறும் இடமும் இதுதான். அமெரிக்காவின் ரேஞ்சர் நிறுவனம் டிஸ்ட்ரெஸ், ஆர்க்கைவல் என்று இரண்டு வகை பேட் விற்கிறது. டிஸ்ட்ரெஸ் தண்ணீர் பட்டால் கரைந்து பரவவேண்டும் என்றே செய்யப்பட்டது. பின்னணியில் மேகம்போல நிறம் படர அது அருமையானது. ஆர்க்கைவல் காய்ந்துவிட்டால் மேலே வாட்டர்கலர் பூசினாலும் நிற்கும். ஒரே நிறுவனத்தின் பெயரைப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து வாங்கிவிடுகிறோம். ‘வாட்டர் பேஸ்டு’ என்ற வார்த்தையையும் நம்பி வாங்காதீர்கள். அது மை எதில் கரைக்கப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது. ‘வாட்டர்ப்ரூஃப்’ அல்லது ‘பெர்மனென்ட்’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கையில் இருக்கும் பேட் எந்த வகை என்று தெரியவில்லையா? ஒரு துண்டுத் தாளில் பதித்து, நன்றாகக் காயவிட்டு, ஈரத் தூரிகையால் ஒருமுறை இழுத்தால் தெரிந்துவிடும்.

ஆகவே நீங்கள் புதிதாக வாங்கவேண்டிய மை ஒன்றே ஒன்றுதான்: நல்ல கறுப்பு நிரந்தர மை. இருக்கும் 12 நிறங்களை வீணாக்கவேண்டாம். ஸ்டென்சிலை வைத்து ஸ்பாஞ்சால் ஒற்றிப் பின்னணி செய்ய அவை நன்றாகவே உதவும்.

அடுத்த செலவு தாளுக்கு. சாதாரண சார்ட் தாள் ஈரம் தாங்காது, வளையத்தான் செய்யும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் வாங்குங்கள். அதிலும் சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் ஸ்டாம்ப் திட்டுத்திட்டாக விழும். வழவழப்பான ‘ஹாட் பிரஸ்’ தாள் அல்லது ‘மிக்ஸட் மீடியா’ தாள் என்று கேளுங்கள். ஏ3 தாளை இரண்டாக வெட்டினால் இரண்டு ஏ4 பக்கம் கிடைக்கும், செலவும் கட்டுப்படும். தாள் கட்டின் அட்டையில் ‘ஆசிட் ஃப்ரீ’ (அமிலமில்லாதது) என்று இருக்கவேண்டும். இல்லையென்றால் சில வருடங்களில் தாள் பழுத்துவிடும், ஒட்டிய படத்தையும் கெடுக்கும். சென்னைக்கு வருவதாக இருந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாளைத் தொட்டுப் பார்த்தே வாங்கலாம்.

ஸ்டென்சிலுக்கு இனிமேல் பணம் போடாதீர்கள். பழைய ஓஎச்பி ஷீட்டில் (கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாள்) கட்டரால் வெட்டிக்கொள்ளலாம். கோலப் புள்ளிகளையும் கம்பிகளையும் வெட்டினால் விற்கும் எந்த ஸ்டென்சிலையும்விட அம்மா அப்பாவின் பக்கத்துக்கு அது பொருந்தும். மேடாகத் தெரியும் டெக்ஸ்சர் வேண்டுமென்றால் மட்டும் ஒரு சின்ன டப்பா டெக்ஸ்சர் பேஸ்ட் வாங்குங்கள். சுவருக்குப் பூசும் பட்டியும் (வால் புட்டி) ஃபெவிகாலும் கலந்து செய்யலாம் என்று பலர் சொல்வார்கள். நானும் செய்து பார்த்தேன். பலகையில் நிற்கிறது, ஆனால் புத்தகப் பக்கம் புரளும்போது வெடித்து உதிர்ந்தது. பேஸ்ட் பூசியதும் ஸ்டென்சிலை உடனே கழுவிவிடுங்கள், காய்ந்தால் போகாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பழைய கல்யாண போட்டோவின் அசலை ஒட்டாதீர்கள். ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்து லேப் பிரிண்ட் எடுத்து அதை ஒட்டுங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரின் படம் பல சமயம் உங்கள் கறுப்பு மையைப் போலவே ஈரத்தில் கலங்கிவிடும்.

கேள்வி: ஸ்டாம்ப் செட்டின் விளம்பரப் படத்தில் பூ உள்ளங்கை அளவு இருந்தது. வந்தது கட்டைவிரல் நகம் அளவு. மையும் அதில் ஒட்டாமல் முத்து முத்தாக நிற்கிறது. “பாக்கெட்டைப் பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்கமாட்டோம்” என்கிறார்கள். என்ன செய்யலாம்? – வாசகர், திருச்சி

பதில்: மை முத்தாக நிற்பது புதிய கிளியர் ஸ்டாம்பில் (ஒளி ஊடுருவும் ஸ்டாம்ப்) சகஜம். வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்துவிட்டுப் பதித்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

அளவு விஷயம் வேறு. விளம்பரத்தில் எங்காவது சென்டிமீட்டரில் அளவு கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அதுவும் வந்த பொருளும் ஒத்துப்போனால் உங்கள் பக்கம் பலமில்லை. ஒத்துப்போகவில்லை என்றால் விடாதீர்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக்கூடாது. பாக்கெட்டைப் பிரித்ததைக் காரணம் சொன்னால் கேளுங்கள்: பிரிக்காமல் அளவை எப்படித் தெரிந்துகொள்வது?

விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை மாற்றிவிடலாம். ஸ்டாம்பை ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் அவர் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லவேண்டும். பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்குமேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் திருச்சியிலேயே மனு கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்கவேண்டும், அதனால் பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.